ஏரியில் இன்றைக்கு யார் முறை?

வாயைத் திறந்து பேசப் பயப்படுகிறவர்களாகப் பார்த்துத்தான் நாலு பேருக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் வேலையில் சேர்ப்பார்கள் போலிருக்கிறது.

நான் வரலாறு படித்தவள். சொந்த ஊர் ஆரம்பாக்கம். அப்பாவுக்கு நெல் வயல் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு கம்பெனியில் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவேன் என்று வீட்டில் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கிடைத்தது பழவேற்காட்டில் ஒரு தொண்டு நிறுவன வேலை. சுனாமி வந்துபோய் இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அரிசி, பாய், பாத்திரம், படகு என்று கொடுத்து முடித்த நிறுவனங்கள் அடுத்து எதைக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தன. எங்கள் நிறுவனம் சுற்றுலாவைக் கொடுப்பது என்று முடிவு செய்தது.

சாதாரணச் சுற்றுலா இல்லை, பொறுப்புச் சுற்றுலா. பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் மீனவர்களின் படகிலேயே ஏரியைச் சுற்றி, ஊர்க்காரர்கள் வீட்டிலேயே சாப்பிட்டு, குப்பை போடாமல் திரும்ப வேண்டும். கொடுக்கிற பணம் நடுவில் எந்த ஏஜெண்டிடமும் தங்காமல் அந்த ஊருக்கே போய்ச் சேர வேண்டும். நல்ல யோசனை. இன்றைக்கு யாராவது கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். விருந்தினரை பஸ் நிலையத்தில் அழைத்து, கூடவே இருந்து விளக்கி, சிரித்த முகத்தோடு வழியனுப்புவது என் வேலை. முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரித்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இதைப் படிக்கும்போது என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

பலகையோடு நின்ற நாள்

முதல் விருந்தினர் வந்த அன்று, அவர்கள் என்னைக் கண்டுபிடிக்க வசதியாக ஒரு பலகையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பச்சை எழுத்தில் நிறுவனத்தின் பெயரும், கீழே ‘வாருங்கள், எங்கள் ஏரியைப் பாருங்கள்’ என்ற வாசகமும் இருந்தன. பழவேற்காடு பஸ் நிலையத்தில் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். முகத்தை மறைக்க அது உதவியாக இருந்தது.

பொன்னேரி பஸ் வரத் தாமதமானது. பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. பலகையை இறக்கிப் பார்த்தால் எனக்கு எதிரே ஒரு வரிசை நின்றுகொண்டிருந்தது. மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த பெண்கள், லுங்கி கட்டிய இரண்டு கிழவர்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி. சிலர் ரேஷன் கார்டையே கையில் வைத்திருந்தார்கள். பலகை பிடித்த வெளியூர்ப் பெண் என்றால் நிவாரணத்துக்குப் பெயர் எழுதுகிறவள் என்று அந்த ஊருக்குப் பழக்கமாகியிருந்தது. இல்லை, நான் சுற்றுலாவுக்கு ஆள் அழைக்க நிற்கிறேன் என்று சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. யாருக்கும் கோபம் வரவில்லை, கலைந்தார்கள். வரிசையில் முதலாவதாக நின்ற அம்மா மட்டும் கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டே கேட்டாள்:

“பேரும் எழுதல, சாமானும் குடுக்கல. அப்புறம் இன்னாத்துக்குமா இந்த வெயில்ல நின்னுக்கினு கீற?”

எல்லாருக்கும் என்றால் எல்லாருக்கும்

திட்டத்தை விளக்குவதற்குக் குப்பத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். எங்கள் சார் நன்றாகப் பேசுவார். பறவை, படகு, சாப்பாடு என்று அடுக்கிக்கொண்டே போய், “இதோட பலன் ஒருத்தர் ரெண்டு பேருக்கு இல்ல, ஊர்ல எல்லாருக்கும்” என்று முடித்தார். ஊர்த் தலைவர் கணக்குக் கேட்கிறவர் மாதிரி, “எல்லாருக்குமா?” என்றார். சார் உற்சாகமாக, “எல்லாருக்கும்!” என்றார். “அப்ப முறை போட்டுருவோம்” என்று தலைவர் சொல்ல, கூட்டம் தலையாட்டியது.

முறை என்பது அந்த ஏரியில் புதிதல்ல. இறாலுக்கு வலை கட்டும் இடங்களை ஒவ்வொரு தலைக்கட்டுக்கும், அதாவது கல்யாணமாகித் தனிக் குடும்பமான ஒவ்வொரு ஆணுக்கும், சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நல்ல இடம் இன்றைக்கு ஒருவனுக்கு என்றால் நாளைக்கு இன்னொருவனுக்கு. அடுத்தவன் முறையில் யாரும் கை வைக்க முடியாது. இனி விருந்தினர்களையும் அப்படியே பிரித்துக்கொள்வது என்று அன்றைக்கு முடிவானது. சாருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. சமூகமே திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்றைக்குத்தான் தேசப்பன் அண்ணாவைத் தெரிந்துகொண்டேன். நாற்பது வயது இருக்கும். மோட்டார் வைத்த நல்ல ஃபைபர் படகு வைத்திருந்தார். ஆனால் இரண்டு வருடமாக வலையில் எதுவும் சரியாக விழவில்லை. அவருடைய மச்சான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் காண்ட்ராக்ட் வேலை செய்தார். நீயும் வந்துவிடு என்று ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். பஸ் வரைக்கும் என்னைக் கொண்டுவிட வந்தபோது அண்ணா சொன்னார்:

“ஆளுங்கள மட்டும் நெறைய இட்டாந்துடும்மா. முறை சீக்கிரம் சீக்கிரம் சுத்தி வந்தாக்கா நான் ஏரியிலயே இருந்துடுவேன். இல்லாங்காட்டி எம் மச்சான் என்னைக் கம்பெனிக்குள்ள இட்டுக்கினு பூடுவான். உள்ள போனா வானமே தெரியாதாமே?”

பறவைகளிடம் யாரும் சொல்லவில்லை

பூநாரைகளைப் பார்க்க விடியற்காலையில் வர வேண்டும் என்று சொல்லியிருந்தோம். அண்ணா நகரிலிருந்து வந்த ஒரு குடும்பம் வழியில் டிபன் சாப்பிட்டு, சிறுவாபுரி கோயிலுக்கும் போய்விட்டு, உச்சி வெயிலில் வந்து இறங்கியது. பறவைகள் ஏரியின் அந்தக் கரைக்குப் போய்விட்டிருந்தன. தூரத்தில், தண்ணீரும் வானமும் சேருகிற இடத்தில், துவைத்த துணி காய்கிற மாதிரி வெளிறிய ஒரு கோடு தெரிந்தது. அதைச் சுட்டிக் காட்டி, பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்று விளக்க, சைபீரியாவைப் பற்றியா கட்ச் பாலைவனத்தைப் பற்றியா எதைப் பற்றிச் சொல்வது என்று குழம்பி, மனப்பாடம் செய்திருந்த இரண்டையும் பாதிப் பாதியாகச் சொன்னேன்.

குடும்பத் தலைவர் கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தார். அவருடைய மனைவி ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, படகின் விளிம்பைப் பிடித்த பிடியை விடாமலே இருந்தார். அன்றைக்குப் படகு ஓட்டியவர் இன்னும் கிட்டே போகட்டுமா என்று கேட்டார். கிட்டே போனால் பறவைகள் பயந்து பறக்கும், பொறுப்புச் சுற்றுலாவில் அது கூடாது என்று நான் சன்னமான குரலில் சொன்னேன். அந்த அம்மா அப்போதுதான் முதல்முறையாகக் கணவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்:

“டிவியில இதைவிடக் கிட்டக்கக் காட்டுறானே, இதுக்கா இவ்ளோ தூரம் கூட்டினு வந்தீங்க?”

விருந்தாளிக்குக் கோழி

மத்தியானச் சாப்பாட்டுக்கு நூர்ஜகான் அக்கா வீடு. குப்பத்துப் பெண்கள் அந்த நேரத்தில் மீன் விற்கப் போயிருப்பார்கள் என்பதால், பஜார் தெருவில் இருந்த அக்காவின் வீட்டை ஏற்பாடு செய்திருந்தோம். கணவருக்குக் கருவாட்டு வியாபாரம். வெளி ஆட்களை வீட்டுக்குள் விடுவதற்கு அவரைச் சம்மதிக்க வைக்கவே அக்காவுக்கு ஒரு மாதம் பிடித்தது. சம்மதம் கிடைத்த அன்றே அக்கா வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டார்.

முதலில் சாப்பிட வந்தவர்கள் காக்களூரில் சின்னத் தொழிற்சாலை வைத்திருக்கும் நண்பர்கள் நாலைந்து பேர். காரில் வரும்போதே இறால் தொக்கு, நண்டு வறுவல், மடவை மீன் குழம்பு என்று பேசிக்கொண்டு வந்தார்களாம். அக்கா மூடியைத் திறந்தார். நெய்ச்சோறு, கோழிக் குருமா, பொரித்த கோழி, முட்டை. மேலே முந்திரி வேறு. ஒருவர் மெதுவாக, “மீன் ஏதாச்சும்…” என்று இழுத்தார். அவர் மீன் வேண்டாம் என்று சொல்வதாக அக்கா நினைத்து, “ஐய, மீனெல்லாம் வெக்கலீங்க, பயப்படாம சாப்பிடுங்க” என்று இன்னொரு கோழித் துண்டை வைத்தார். அவர்கள் சாப்பிட்டார்கள். ரொம்ப நன்றாக இருந்தது என்றார்கள். இலையில் பாதி அப்படியே இருந்தது.

அவர்கள் போன பிறகு நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். இவ்வளவு தூரம் வந்தது மீனுக்காகத்தான், அடுத்த தடவை மீனே செய்துவிடலாம் என்றேன். அக்கா என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்:

“இன்னா பொண்ணு பேசுற? ஊடு தேடி வந்தவங்களுக்கு யாராச்சும் மீனா போடுவாங்க? கோழி வாங்கக்கூட வக்கில்லன்னு தெருவே என்னைக் காறித் துப்பாது?”

சாத்திய கதவு

அக்கா கடைசியில் மீனுக்கு ஒத்துக்கொண்டார். ஆனால் விருந்தினர் உள்ளே வந்ததும் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார். ஜன்னலுக்கும் திரை. எதிர்வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிடக் கூடாது. பெயிண்ட் அடித்த கதவுக்குப் பின்னால், மின்விசிறிச் சத்தத்தில், ரகசியமாக மடவைக் குழம்பு பரிமாறப்பட்டது.

அப்படி ஒருநாள் ரிட்டயரான ஆசிரியத் தம்பதி வந்தார்கள். திருநின்றவூரில் ஃப்ளாட். பிள்ளைகள் வெளிநாட்டில். அன்று தேசப்பன் அண்ணாவுக்கு முறை வந்திருந்தது. அவர்கள் பறவையைக் காட்டு என்றும் கேட்கவில்லை, ஊரில் இருக்கும் பழைய டச்சுக்காரர் கல்லறையைக் காட்டு என்றும் கேட்கவில்லை. மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு ஏரி நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நானும் பேச வேண்டியிருக்கவில்லை. அந்த வேலையை நான் மனசாரச் செய்த ஒரே நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

அக்கா வீட்டில் இருவரும் முள்ளை ஒதுக்கி ஒதுக்கி நிதானமாகச் சாப்பிட்டார்கள். அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு துண்டு என்று போட்டுக்கொண்டே இருந்தார். அந்த ஆசிரியை கை கழுவப் போனவர் திரும்பி வர நேரமாயிற்று. கண்ணையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு வந்தார் என்பது முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. கிளம்பும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“போதும்னு சொல்லச் சொல்லப் போடுறதுக்கு எங்களுக்கு இப்ப யாரும் இல்லம்மா.”

சாவு வீட்டுக்குப் போனவரின் முறை

இந்த மாதிரி ஒன்றிரண்டு பேர் வந்து ஊர் பிழைக்காது என்று சாருக்குக் கவலை. முறை ஊர் முழுக்கச் சுற்றி வருவதற்குள் தேசப்பன் அண்ணா மாதிரி ஆட்களுக்குப் பொறுமை போய்விடும் என்று எனக்குக் கவலை. அந்த நேரத்தில் கும்மிடிப்பூண்டியில் ஒரு பெரிய கம்பெனி தன் ஊழியர்களைக் குடும்பத்தோடு அனுப்பச் சம்மதித்தது. ஐந்து படகு வேண்டும். பிடித்துப்போனால் மாதாமாதம் ஒவ்வொரு பிரிவாக அனுப்புவார்கள். மாதாமாதம் ஐந்து படகு என்றால் முறை சீக்கிரம் சீக்கிரம் சுற்றும். அண்ணா அந்தச் செய்தியை என்னை இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டார். மச்சானுக்கு ஃபோன் போட்டு, கொஞ்சம் பொறு என்று சொன்னதாகவும் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். கரையில் ஐந்து படகும் கழுவித் துடைத்து நின்றன. மோட்டாருக்கு டீசல் ஊற்றியாயிற்று. ஆனால் யாரும் படகைத் தண்ணீரில் தள்ளவில்லை. விசாரித்தால், வரிசையில் முதல் முறை மாசிலாமணி என்பவருக்கு. அவருடைய அக்காவின் கணவர் இறந்துவிட்டதால் காலையில்தான் சூளூர்பேட்டைக்குப் போயிருந்தார். சரி, அவருக்கு அடுத்தவர் போகட்டுமே என்றேன். சாவுக்குப் போனவன் முறையைத் தாண்டக் கூடாது என்றார்கள். அவன் திரும்பி வந்து தலை முழுகி, நீ போ என்று வாயால் சொன்ன பிறகுதான் அடுத்தவன் போகலாம். ஏரியில் வலை கட்டுவதிலும் அப்படித்தான். துக்கத்தில் இருக்கிறவனுடைய இடம் காலியாகவே கிடக்கும், அதில் மீன் துள்ளினாலும் ஒருவரும் வலை போட மாட்டார்கள்.

ஊர்த் தலைவரிடம் கெஞ்சினேன். எனக்குப் பேச வராது என்பதை அன்றைக்கு மறந்தே போய்விட்டேன். அவர் முகத்திலும் வருத்தம்தான். பிறகு தேசப்பன் அண்ணாவிடம் ஓடினேன். அவர் படகு மூன்றாவதாக நின்றது. விளிம்பில் உட்கார்ந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க ஒருத்தர் தள்ளினா மத்தவங்களும் தள்ளுவாங்கண்ணா” என்றேன். “நாளைக்கு எங்க ஊட்ல ஒண்ணு ஆனா, என் எடத்துல எவனாவது வலை போட்டா எனக்கு எப்பிடிம்மா இருக்கும்?” என்றார். நிமிரவில்லை.

குழந்தைகள் அழ ஆரம்பித்தன. கொஞ்ச நேரம் நிழல் தேடினார்கள். பிறகு பாலத்துப் பக்கம் ‘போட்டிங்’ என்று பலகை மாட்டியிருந்த தனியார் படகுகளுக்கு எல்லாரும் நடந்தார்கள். கூட்டி வந்த அதிகாரி கடைசி ஆளாக நின்று, கோபமே இல்லாமல் என்னிடம் சொன்னார்:

“மேடம், உங்க ஊர்ல ஒத்துமை, நியாயம், சமத்துவம் எல்லாமே இருக்கு. படகு மட்டும்தான் இல்ல.”

ஐந்து பேர் மட்டும்

அந்தக் கம்பெனி திரும்ப வரவில்லை. வேறு யாரும் அதிகம் வரவில்லை. சார் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். முறை கிறை எல்லாம் வேண்டாம். நல்ல படகு, நல்ல ஆள் என்று ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, நிறுவனமே நேரடியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்வது. வேலை நிச்சயம், வருமானம் நிச்சயம். முதல் ஆள் தேசப்பன். அவரிடம் பேசுகிற பொறுப்பு எனக்கு.

நான் போனபோது அண்ணா வீட்டு வாசலில் வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கல்யாணி அண்ணி மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்து, கூடையைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் முதலில் பேசியது அண்ணிதான். “கேட்டியா? வாசல்ல வந்து கூப்பிடுறாங்க. சரின்னு சொல்லு” என்றார். அண்ணா வலையைக் கீழே வைத்தார்.

“முறையை மீறி நான் சரின்னா, ஊரு என்னை வலை கட்டுற பாட்டுலேர்ந்து தள்ளிடும் தெரியுமில்ல?”

“தள்ளட்டுமே! பாட்டுல போயி நீ இன்னாத்த அள்ளினு வந்த? போன வாரம் உன் வலையில வுழுந்தது ரெண்டு நண்டும் ஒரு செருப்பும்.”

“இன்னிக்கு வுழல. நாளிக்கு வுழும். பாடு பூட்டா பூட்டதுதான் கல்யாணி, திரும்பி வராது. இவங்க ஆபீஸு எத்தினி நாளிக்கு இங்க இருக்கும்?”

அண்ணி என் பக்கம் திரும்பினார். அண்ணாவும் பார்த்தார். எத்தனை நாளைக்கு என்பது எனக்குத் தெரியாது. சாருக்கே தெரியாது. எங்களுக்குப் பணம் தருகிறவர்களுக்குத்தான் தெரியும். இருப்போம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மனம் மாறியிருக்குமோ என்னவோ. எனக்குச் சொல்ல வரவில்லை. அண்ணா என் சங்கடத்தைப் புரிந்துகொண்டவர் மாதிரி, “உன்னைச் சொல்லலம்மா, நீ டீ குடிச்சிட்டுப் போ” என்றார். அப்புறம் அண்ணியிடம், “மச்சான்கிட்ட வரேன்னு சொல்லிடு” என்றார். கம்பெனிக்குப் போனால் மட்டும் பாடு போகாதா என்று கேட்டேன். பிழைப்புக்கு வெளியே போகிறவனை ஊர் தள்ளாது, ஊரை மீறித் தண்ணீரில் இறங்குகிறவனைத்தான் தள்ளும் என்றார். அண்ணி கழுவிய கூடையை மறுபடியும் தண்ணீரில் முக்கினார். எனக்கா அவருக்கா என்று தெரியாமல் சொன்னார்:

“இந்த ஊரும் இவருக்குச் சோறு போடாது, ஊரை மீறிக்கினு துன்னாலும் இவருக்கு எறங்காது. நடுவுல நான் ஒருத்தி, மாட்டிக்கினு பேஜாருபட்றேன்.”

மேலிடத்து விருந்தினர்

மற்ற நாலு பேரும் அதையேதான் சொன்னார்கள். அந்தச் சமயத்தில், திட்டத்துக்குப் பணம் கொடுக்கும் அமைப்பிலிருந்து ஓர் அம்மையார் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. டெல்லிக்காரர், தமிழ் தெரியாது. சார் என்னைத் தனியாக அழைத்து, எல்லாம் நன்றாக நடக்கிறது என்பது தானாகத் தெரிய வேண்டும், நாம் சொன்ன மாதிரி இருக்கக் கூடாது என்றார்.

அவர் வந்தது ஒரு சனிக்கிழமை. யாரும் ஏற்பாடு செய்யவில்லை, முறைப்படி அன்றைக்குப் படகு தேசப்பன் அண்ணாவுடையது. சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அம்மையாரின் கையைப் பிடித்துப் பதமாகப் படகில் ஏற்றினார். ஏரி அன்றைக்குப் பார்த்து அப்படியொரு அழகு. காற்றில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. அத்தனை நாள் எங்களை ஏமாற்றிய பூநாரைகள் கூட்டமாகக் கிட்டத்திலேயே நின்று, படகைச் சட்டைசெய்யாமல் தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன. அண்ணா மோட்டாரை நிறுத்திக் கழியால் சத்தமில்லாமல் தள்ளினார். அம்மையார் பறவைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அண்ணாவைப் பார்த்தேன். அவர் பறவைகளைப் பார்க்கவில்லை. சுற்றிலும் தண்ணீரை, ஒவ்வொரு இடமாக, பார்த்துக்கொண்டு வந்தார்.

திரும்புகிற வழியில் அம்மையார் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார், இந்தத் திட்டத்தால் உங்கள் வாழ்க்கையில் என்ன மாற்றம் வந்தது என்று இவரிடம் கேள். கேட்டேன். அண்ணா கழியை ஊன்றி ஒரு தள்ளு தள்ளினார். “திங்கட்கெழமையிலேர்ந்து கம்பெனிக்குப் போறேன்னு சொல்லு” என்றார். முன்னால் சார் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்காமலே தலையை ஆட்டி, வேண்டாம் என்றார். ஆனால் அண்ணா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல், அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்: திங்கட்கிழமையிலிருந்து இவர் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலைக்கு வேலைக்குப் போகிறார்.

சார் கண்ணை மூடிக்கொண்டார். அம்மையாரின் முகம் மலர்ந்தது. அண்ணாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஃபோட்டோ எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்றார். உயிர்க்காப்பு உடையை மாட்டிக்கொண்டு, சிரிக்கச் சொன்னதால் அண்ணா சிரித்தார். அந்த ஃபோட்டோதான் பிறகு எங்கள் அலுவலகச் சுவரில், அலுவலகம் இருந்த வரைக்கும், தொங்கியது. கரையில் இறங்கும்போது அந்த அம்மையார் எங்கள் சாரிடம் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

“பாருங்கள், நான் எதிர்பார்த்து வந்தது இந்த ஒரு வார்த்தையைத்தான்! மீனவர் ஒருவருக்குத் தொழிற்சாலையில் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். இதைவிட ஒரு சுற்றுலா என்ன சாதிக்க வேண்டும்?”

பொறுப்புச் சுற்றுலாவில் பொறுப்பையெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், சுற்றுலாவை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்பதற்குமேல் என் அனுபவத்தில் சொல்ல ஒன்றும் இல்லை.